மாய உலகப் பள்ளிக்கூடமும் மரக்காணத்துப் பிள்ளைகளும்

2021-ம் வருஷம் அக்டோபர் 27-ந் தேதி விழுப்புரம் ஜில்லா மரக்காணத்தை அடுத்த முதலியார்குப்பத்தில் ஒரு விழா நடந்தது. அப்போது முதல் மந்திரியாக இருந்த மு. க. ஸ்டாலின் அங்கே வந்து "இல்லம் தேடிக் கல்வி" என்ற திட்டத்தைத் துவக்கி வைத்தார். கொரோனாவினால் ஒன்றரை வருஷத்துக்கு மேல் பள்ளிக்கூட வாசலை மிதிக்காத சின்னப் பிள்ளைகளுக்கு, சாயங்காலம் 5 மணியிலிருந்து 7 மணி வரை அவரவர் தெருவிலேயே பாடம் சொல்லித் தருவது என்பது ஏற்பாடு. சர்க்கார் ஒதுக்கிய பணம் 200 கோடி ரூபாய்.

மறுநாள், அக்டோபர் 28-ந் தேதி, அமெரிக்காவில் இன்னொரு விழா. ஃபேஸ்புக் கம்பெனியின் முதலாளி மார்க் ஸக்கர்பெர்க் தன் கம்பெனியின் பெயரை "மெட்டா" என்று மாற்றினார். இனி ஜனங்கள் கண்ணில் ஒரு பெட்டியை மாட்டிக்கொண்டு மாய உலகத்துக்குள் புகுந்து அங்கேயே வேலை செய்வார்கள், அங்கேயே கூடிப் பேசுவார்கள், அங்கேயே பாடம் படிப்பார்கள் என்று அறிவித்தார். இந்த மாய உலகச் சாமான்களைச் செய்யும் பிரிவில் 2021 முதல் 2024 வரை நாலு வருஷத்தில் அந்தக் கம்பெனி கணக்குக் காட்டிய நஷ்டம் 5,700 கோடி டாலருக்கு மேல். நம் ரூபாயில் நாலு லட்சம் கோடிக்கு மேலே போகிறது. தமிழ்நாடு சர்க்கார் பள்ளிக் கல்வி இலாகா முழுமைக்கும் 2025-26-ல் ஒதுக்கிய தொகை சுமார் 46 ஆயிரம் கோடி. ஒரு மாநிலத்துப் பிள்ளைகள் எல்லாருக்கும் ஏழெட்டு வருஷம் பள்ளிக்கூடம் நடத்தப் போதுமான பணத்தை ஒரு கம்பெனி நாலு வருஷத்தில் நஷ்டமாகக் காட்டிவிட்டு அசையாமல் நிற்கிறது. அவ்வளவு நஷ்டத்தைத் தாங்க எங்கிருந்து வந்தது பணம்? நாமும் நம் பிள்ளைகளும் செல்போனைத் தடவும்போது வந்து விழுகிற விளம்பரங்களிலிருந்துதான் வந்தது.

கூலி உயர்வுக்கும் குடிமனைப் பட்டாவுக்கும் நடையாய் நடக்கும் நேரத்தில் இந்தப் பேச்சு எதற்கு என்று சில தோழர்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. ஆனால் நம் பிள்ளை என்ன படிக்கிறான், எப்படிப் படிக்கிறான் என்பதை நாம் கவனிக்காத ஒவ்வொரு சமயத்திலும் வேறு யாரோ நமக்காக அதைத் தீர்மானித்திருக்கிறார்கள். இப்போதும் தீர்மானித்துக் கொண்டிருக்கிறார்கள்.

விஷயம் என்ன?

முதலில் விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிடுவோம். இன்று பள்ளிக்கூடத்துக்குள் இரண்டு விதமான புதிய சாதனங்கள் வருகின்றன. ஒன்று, தூரத்தில் இருப்பவர்கள் இன்டர்நெட் வழியாகக் கூடி வேலை செய்ய உதவும் சாதனம். உபாத்தியாயர் ஓரிடத்தில் இருப்பார். பிள்ளைகள் நாற்பது வீட்டில் இருப்பார்கள். எல்லார் முகமும் ஒரே திரையில் தெரியும். பத்துப் பேர் பத்து ஊரில் இருந்துகொண்டு ஒரே நோட்டில் எழுதலாம், ஒருவர் எழுதியதை இன்னொருவர் திருத்தலாம். ஜூம், கூகுள் மீட், கூகுள் கிளாஸ்ரூம் எல்லாம் இந்த வகை. வாட்ஸ்அப் குழுவில் வீட்டுப்பாடம் அனுப்புவதும் இதன் ஏழைத் தம்பிதான்.

இன்னொன்று மாய உலகம். கம்ப்யூட்டருக்குள்ளே கட்டப்பட்ட ஊர், வீதி, கட்டடம். அதில் நமக்கு ஒரு பொம்மை உருவம். நாம் நகர்த்தினால் அது நகரும், பேசினால் அது பேசும். 2003-ல் அமெரிக்காவில் "செகண்ட் லைஃப்" என்று ஒன்று வந்தபோது பெரிய சர்வகலாசாலைகள்கூட அதற்குள் இடம் வாங்கி வகுப்பு நடத்தின. இப்போது கண்ணில் பெட்டி மாட்டிக்கொண்டால் இருதயத்துக்குள்ளேயே நுழைந்து ரத்தம் ஓடுவதைப் பார்க்கலாம்; சந்திரனில் நிற்கலாம். 2022 பிப்ரவரியில் நம் கிருஷ்ணகிரி ஜில்லாவில் ஒரு மலைக்கிராமத்தில் நடந்த கல்யாணத்துக்கு வரவேற்பை இந்த மாய உலகத்தில் வைத்தார்கள். காலமாகிவிட்ட பெண்ணின் தகப்பனார் பொம்மை உருவமாக வந்து ஆசீர்வதித்தார் என்று பத்திரிகைகள் எழுதின. பந்தியில் சாப்பாடு எப்படிப் போட்டார்கள் என்று நம் ஊர்ப் பெரியவர் ஒருவர் கேட்டார். அது இருக்கட்டும்.

இவற்றையெல்லாம் நாம் கேலி செய்து ஒதுக்கிவிட முடியாது. இங்கிலாந்தில் நெசவாளிகள் இயந்திரத்தை உடைத்த காலம் ஒன்று இருந்தது. தொழிலாளி வர்க்கம் அதைத் தாண்டி வந்து இருநூறு வருஷம் ஆகிறது. ரசாயனச் சோதனைச் சாலை இல்லாத கிராமத்துப் பள்ளியில் படிக்கும் பெண், திரையிலாவது அமிலத்தையும் காரத்தையும் கலந்து பார்க்கட்டும். கொலராடோ சர்வகலாசாலையில் 2002-ல் ஆரம்பித்த "ஃபெட்" என்ற விஞ்ஞானப் பயிற்சிகள் இன்று தமிழிலும் கிடைக்கின்றன, காசு கிடையாது. மின்கம்பியையும் பல்பையும் திரையில் இணைத்து, எந்த இடத்தில் துண்டித்தால் எது அணைகிறது என்று பிள்ளையே செய்து பார்க்கலாம். ஷாக் அடிக்காது. இது நல்ல சாதனம்தான். இயந்திரம் நல்லதா கெட்டதா என்று மில் தொழிலாளியைக் கேட்டால் அவன் திருப்பிக் கேட்பான்: யாருடைய இயந்திரம்? யார் ஓட்டுவது? எத்தனை பக்கம் பார்க்கச் சொல்லுகிறார்கள்?

செல்போன் இல்லாத வீடு

2020 மார்ச்சில் பள்ளிகளை மூடினார்கள். தமிழ்நாட்டில் 1-ம் வகுப்பு முதல் 8-ம் வகுப்பு வரை உள்ள பிள்ளைகளுக்கு மறுபடி கதவு திறந்தது 2021 நவம்பர் 1-ந் தேதி. இருபது மாதங்கள். இடைக்காலத்தில் "ஆன்லைன் வகுப்பு" என்ற மந்திரத்தை எல்லாரும் ஜபித்தார்கள். தனியார் பள்ளிகள் அதைச் சொல்லியே முழுச் சம்பளம் கேட்டன.

நம் ஜில்லாவில் நடந்தது என்ன? திண்டிவனத்துக்குக் கிழக்கே சவுக்குத் தோப்பும் உப்பளமும் உள்ள ஊர்களில், விழுப்புரத்தைச் சுற்றிய கரும்பு, வேர்க்கடலைக் கிராமங்களில், வீட்டுக்கு ஒரு செல்போன் இருந்தாலே அதிகம். அதுவும் தகப்பன் கையில் வேலைக்குப் போய்விடும். பிள்ளைக்குப் பாடம் காலை 10 மணிக்கு. போன் வீட்டுக்கு வருவது இரவு 8 மணிக்கு. மூன்று பிள்ளைகள் இருந்தால் மூன்று வகுப்பு, ஒரே போன். அதிலும் மூத்த பையனுக்குத்தான் முதல் உரிமை. பெண் பிள்ளைக்குக் கடைசி. ஒரு சாதாரண ஸ்மார்ட்போன் எட்டாயிரம், பத்தாயிரம். நாற்று நடும் பெண்ணுக்கு அது ஒரு மாதக் கூலிக்கும் மேல். அந்த மாதங்களிலோ நடவே இல்லை. எல்லைக்கு அந்தப் பக்கம் புதுச்சேரியில் ஏ.எஃப்.டி. மில்லை 2020 ஏப்ரல் 30-ந் தேதியோடு ஒரேயடியாக இழுத்து மூடினார்கள். வேலை போன அதே மாதத்தில் பிள்ளைக்குப் போன் வாங்கித் தா என்றால் எந்தத் தொழிலாளி வாங்குவான்?

இது நம் ஊர்க் கதை மட்டும் அல்ல. பொருளாதார அறிஞர் ழான் திரேஸ் முதலியோர் 2021 ஆகஸ்டில் தமிழ்நாடு உட்பட 15 மாநிலங்களிலும் யூனியன் பிரதேசங்களிலும் ஏழைக் குடும்பங்களில் ஓர் ஆய்வு நடத்தினார்கள். கிராமத்துப் பிள்ளைகளில் ஆன்லைனில் ஒழுங்காகப் படித்தவர்கள் 100-க்கு 8 பேர். படிப்பையே விட்டிருந்தவர்கள் 100-க்கு 37 பேர். எட்டுப் பேருக்கு நடந்ததற்கு "வகுப்பு" என்று பெயர் வைத்தார்கள். மற்றவர்கள் கதி?

கரும்பு வெட்டுக்குப் போனார்கள். சூளையில் கல் அடுக்கினார்கள். சவுக்குக் கட்டையைச் சுமந்தார்கள். பெண் பிள்ளைகளில் சிலர் தாலி கட்டிக்கொண்டு போய்விட்டார்கள். கிராமம் கிராமமாகப் போன சங்கத் தோழர்கள் எல்லாரும் சொன்ன செய்தி இது.

இந்த இடத்தில் பழைய சரித்திரம் ஒன்றை ஞாபகப்படுத்த வேண்டும். 1953-ல் ராஜாஜி முதல் மந்திரியாக இருந்தபோது ஆரம்பக் கல்வியில் ஒரு புதுத் திட்டம் கொண்டுவந்தார். பிள்ளைகளுக்கு ஒரு நாளைக்கு மூன்று மணி நேரம் பள்ளிக்கூடம். மிச்ச நேரம் தகப்பனார் தொழிலைக் கற்றுக்கொள்ள வேண்டும். பறை அடிப்பவன் மகன் பறை. சிரைப்பவன் மகன் கத்தி. பண்ணையாள் மகன் பண்ணை. ஜனங்கள் அதற்கு வைத்த பெயர் குலக்கல்வித் திட்டம். நாடெங்கும் எதிர்ப்புக் கிளம்பியது. ராஜாஜி பதவியை விட்டுப் போக, அடுத்து வந்த காமராஜ் 1954-ல் அதைக் கைவிட்டார்.

1953-ல் உத்தரவு போட்டு வெளிப்படையாகச் செய்யப் பார்த்ததை, 2020-ல் உத்தரவு எதுவும் இல்லாமலே ஒரு செல்போன் செய்து முடித்தது. போன் இருந்த வீட்டுப் பிள்ளை வகுப்பில் இருந்தான். இல்லாத வீட்டுப் பிள்ளை தகப்பனோடு வயலுக்குப் போனான். இதை யாரும் திட்டமிட்டார்கள் என்று நாம் சொல்லவில்லை. திட்டமிடாமலே இப்படித்தான் முடியும் என்பதுதான் பயங்கரம். கையில் காசுள்ளவனுக்கு மட்டும் எட்டும் சாதனத்தைப் பள்ளிக்கூடத்தின் இடத்தில் வைத்தால், ஜாதியும் வர்க்கமும் தங்கள் வேலையைத் தாமே பார்த்துக்கொள்ளும்.

எத்தனை பக்கம் பார்ப்பது?

ஐம்பதுகளில் கோவை, மதுரை மில்களில் ஆளைக் குறைத்து வேலைப்பளுவைக் கூட்டும் முயற்சியை எதிர்த்து நடந்த போராட்டங்களை மூத்த தோழர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறோம். முதலாளிகள் அதற்கு "ரேஷனலைசேஷன்" என்று பெயர் வைத்தார்கள். இரண்டு பக்கம் பார்த்த தொழிலாளி நாலு பக்கம் பார்க்க வேண்டும். இயந்திரம் புதுசு, ஆகையால் ஆள் வேண்டாம்.

பள்ளிக்கூடத்தில் இப்போது வருவதும் அதன் பங்காளிதான். ஓர் உபாத்தியாயர் நாற்பது பிள்ளைக்குப் பாடம் சொன்னார். திரை வழியாக நானூறு பேருக்குச் சொல்லலாமே என்று யோசனை. பிறகு ஒரு தடவை படம் பிடித்துவிட்டால் உபாத்தியாயரே எதற்கு என்று அடுத்த யோசனை. 2020 ஜூலை 29-ந் தேதி மத்திய சர்க்கார் வெளியிட்ட தேசியக் கல்விக் கொள்கையில் ஆன்லைன் கல்விக்குத் தனி அத்தியாயமே இருக்கிறது. 2021-ல் பல்கலைக்கழக மானியக் குழு, காலேஜ் பாடத்தில் நூற்றுக்கு 40 பங்கு வரை ஆன்லைனில் நடத்தலாம் என்று யோசனை சொல்லியது. 2022 பட்ஜெட்டில் டெலிவிஷன் பாடச் சானல்களை 12-லிருந்து 200 ஆக்குவோம், டிஜிட்டல் சர்வகலாசாலை வைப்போம் என்று நிதி மந்திரி நிர்மலா சீதாராமன் வாசித்தார். அதே மத்திய சர்க்கார், பி.எம். ஸ்ரீ ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடவில்லை என்று சொல்லித் தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்கு 2024-25-ல் வர வேண்டிய 2,152 கோடி ரூபாயை நிறுத்தி வைத்தது. அது திரையில் வரும் பணம் அல்ல. ஆசிரியர் சம்பளத்துக்கும் மாற்றுத் திறனாளிப் பிள்ளைகளின் பயிற்சிக்கும் போக வேண்டிய பணம்.

திரை ஒருவழிப் பாதை. தமிழ்நாட்டில் 2019 ஆகஸ்டில் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சி கொரோனாக் காலத்தில் பாடங்களை ஒளிபரப்பியது. அது செய்த உதவியை நாம் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் "சார், புரியலை" என்று டெலிவிஷனிடம் சொன்னால் அது நிற்குமா? கடைசிப் பெஞ்சில் பசியோடு தூங்கும் பையனை அது எழுப்புமா? பையன் ஒரு வாரமாக வரவில்லை, சூளைக்கு அனுப்பிவிட்டார்களா என்று வீட்டுக்கு வந்து விசாரிக்குமா? நம் ஊரில் உபாத்தியாயர் செய்யும் வேலையில் பாடம் சொல்வது பாதிதான்.

முதலியார்குப்பத்தில் துவங்கிய திட்டத்தைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். அதில் குறைகள் உண்டு. பயிற்சி பெற்ற ஆசிரியரை நியமிக்க வேண்டிய சர்க்கார், தன்னார்வலர் என்று பெயர் வைத்து மாதம் ஆயிரம் ரூபாய் கொடுத்தது. ஒரு நாளைக்குக் கணக்குப் போட்டால் 33 ரூபாய். நூறு நாள் வேலைக்கு அந்த வருஷம் தமிழ்நாட்டில் நிர்ணயித்த ஒரு நாள் கூலி 273 ரூபாய். படித்த பெண்களின் உழைப்பை இப்படிச் சல்லிசாக வாங்கியதை நாம் ஒப்புக்கொள்ள முடியாது. ஆனாலும் ஒன்றை மறைக்க முடியாது. மாநிலம் முழுவதும் லட்சக் கணக்கில் முன்வந்த அந்தத் தன்னார்வலர்களில் பெரும்பாலோர் பெண்கள். அவர்கள் திண்ணையிலும் கோயில் வாசலிலும் இருபது பிள்ளைகளை உட்கார வைத்துக்கொண்டு எழுத்தைத் திரும்பவும் பழக்கினார்கள். இருபது மாதத்தில் மறந்துபோன எழுத்து அங்கே திரும்பி வந்தது. அதற்கு முதலில் ஒதுக்கிய பணம், அமெரிக்கக் கம்பெனி கொட்டிய பணத்தில் இரண்டாயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை.

வாடகை வீட்டுப் படிப்பு

கம்பெனிக்காரர்கள் "இலவசம்" என்று கொடுக்கிறார்களே, அதில் என்ன கெடுதல் என்று கேட்பவர் உண்டு. கெடுதல் என்னவென்று பார்ப்போம்.

கூகுள் கம்பெனி "எக்ஸ்பெடிஷன்ஸ்" என்று ஒன்றைக் கொடுத்தது. அட்டைப் பெட்டியில் செல்போனைச் செருகிக் கண்ணில் வைத்தால் கடலடியும் எரிமலையும் தெரியும். பல தேசங்களில் உபாத்தியாயர்கள் அதை நம்பிப் பாடம் தயாரித்தார்கள். 2021 ஜூன் கடைசியில் கம்பெனி அதை மூடிவிட்டது. மைக்ரோசாஃப்ட் கம்பெனி "ஆல்ட்ஸ்பேஸ்" என்ற மாய உலகத்தை 2023 மார்ச்சில் மூடியது. அங்கே கட்டியவை அங்கேயே போயின. வாடகை வீட்டுக்காரன் சாவியைப் பிடுங்கியது மாதிரிதான். ஜூம் இலவசக் கணக்கில் 40 நிமிஷம் ஆனால் வகுப்பு அறுந்து போகும். பாடம் பாதியில் இருக்கிறதே என்று அது பார்க்காது.

நம் நாட்டு முதலாளிகள் மட்டும் சளைத்தவர்களா? "பைஜூஸ்" கம்பெனியை 2022-ல் 2,200 கோடி டாலர் பெறுமானம் என்று தூக்கிப் பிடித்தார்கள். கடன் வாங்கிச் சந்தா கட்டிய பெற்றோர் நாடெங்கும் உண்டு. 2024 ஜூலையில் அது திவால் வழக்கில் போய் நின்றது. உள்ளூர் வட்டிக்கடைக்காரனாவது ஓடுவதற்கு முன்னால் நம் தெரு வழியாகத்தான் போக வேண்டும்.

இன்னொரு விலையும் நாம் கொடுக்கிறோம். அது கண்ணுக்குத் தெரியாது. ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் என்ற ஸ்தாபனம் 49 நாட்டு சர்க்கார்கள் கொரோனாக் காலத்தில் சிபாரிசு செய்த 160-க்கு மேற்பட்ட கல்விச் சாதனங்களைச் சோதித்து 2022-ல் அறிக்கை வெளியிட்டது. ஏறத்தாழப் பத்தில் ஒன்பது, பிள்ளைகளைப் பற்றிய விவரங்களைச் சேகரிப்பவையாக அல்லது அவர்களுக்கு ஆபத்து உண்டாக்குபவையாக இருந்தன. நம் மத்திய சர்க்காரின் "திக்‌ஷா"விலிருந்து பத்து லட்சத்துக்கு மேற்பட்ட ஆசிரியர்கள், சுமார் ஆறு லட்சம் மாணவர்களின் விவரங்கள் பூட்டில்லாத பெட்டியில் கிடந்தது 2023 ஜனவரியில் வெளிவந்தது. பண்ணையார் ஒரு காலத்தில் பண்ணையாள் வீட்டில் எத்தனை உருப்படி என்று கணக்கு வைத்திருந்தார். இன்று பிள்ளை எப்போது தூங்குகிறான், எதைப் பார்த்து நிற்கிறான் என்பது வரைக்கும் கணக்கு வைக்க ஆள் இருக்கிறது.

கண்ணில் மாட்டும் பெட்டியின் விலையையும் பார்த்துவிடலாம். மெட்டா கம்பெனியின் மலிவான பெட்டி 2024-ல் அமெரிக்காவிலேயே 300 டாலர். இருபத்தையாயிரம் ரூபாய்க்கு மேல். நாற்பது பிள்ளை உள்ள ஒரு வகுப்புக்கு 10 லட்சம் ரூபாய். சில வருஷத்தில் புது மாடல் வரும். கம்பெனி சிரிக்கும்.

ஏரி மாதிரி ஒரு ஏற்பாடு

சரி, வழி என்ன? வழி வெளிநாட்டிலிருந்து வர வேண்டியதில்லை. விழுப்புரத்திலேயே ஒரு துவக்கம் இருக்கிறது.

நம் ஜில்லாவில் ஏரி இல்லாத ஊர் எது? ஏரி யாருக்கும் சொந்தமில்லை, எல்லாருக்கும் சொந்தம். கரை உடைந்தால் ஊர் கூடி மண் போடும். மடை திறப்பதற்கு முறை உண்டு. அதே ஊரில் பணக்காரன் ஆழ்குழாய்க் கிணறு போட்டுத் தண்ணீரை மணிக் கணக்குக்கு விற்கிறான். ஏரி தூர்ந்துபோக அவனுக்குத்தான் ஆதாயம்.

கம்ப்யூட்டர் உலகத்திலும் ஏரி உண்டு, ஆழ்குழாய்க் கிணறும் உண்டு. ஏரிக்குப் பெயர் கட்டற்ற மென்பொருள். 1983-ல் அமெரிக்காவில் ரிச்சர்ட் ஸ்டால்மன் என்பவர் இந்த இயக்கத்தைத் தொடங்கினார். கம்ப்யூட்டரை ஓட்டும் சூத்திரத்தை யாரும் படிக்கலாம், திருத்தலாம், நகல் எடுத்து அடுத்தவருக்குக் கொடுக்கலாம். பூட்டி வைக்க மட்டும் உரிமை கிடையாது. இந்த முறையில் உண்டானதுதான் வகுப்பு நடத்த உதவும் "மூடில்". திரையில் கூடிப் பேச உதவும் "ஜிட்சி", "பிக்புளூபட்டன்". பிந்தியது 2007-ல் கானடா நாட்டுக் கார்ல்டன் சர்வகலாசாலையில், தூரத்து மாணவர்களுக்குப் பாடம் சொல்லவே ஆரம்பித்தது. நாற்பது நிமிஷத்தில் அறுக்கும் கத்தி இவற்றில் இல்லை. மாய உலகத்திலும் இப்படி ஒன்று உண்டு: முன்பு "மைன்டெஸ்ட்", 2024 முதல் "லுவாண்டி" என்று பெயர். கண்ணில் பெட்டி வேண்டாம். பழைய கம்ப்யூட்டரிலேயே ஓடும். பெட்டி பெட்டியாக அடுக்கி ஊர் கட்டலாம், பத்துப் பிள்ளைகள் ஒரே ஊரை ஒரே சமயத்தில் கட்டலாம். திண்டிவனம் பக்கத்துப் பிள்ளைகள் சந்திரனுக்குப் போவதற்கு முன்னால், தங்கள் ஊர் ஏரியையும் மதகையும் வாய்க்காலையும் அதில் கட்டிப் பார்க்கட்டும். எந்தப் பக்கம் மேடு, எந்த வயலுக்குத் தண்ணீர் ஏறாது, ஏன் ஏறாது என்று வாதிடட்டும். பூகோளமும் கணக்கும் ஊர் நியாயமும் ஒரே பாடத்தில் வந்துவிடும்.

விழுப்புரத்தில் குனு லினக்ஸ் பயனர் குழு என்று ஒரு வாலிபர் கூட்டம் பத்து வருஷத்துக்கு மேலாக இந்த வேலையைச் செய்கிறது. கிராமத்திலிருந்து வரும் மாணவர்களுக்குக் கட்டணம் வாங்காமல் கட்டற்ற மென்பொருளைக் கற்றுக் கொடுக்கிறார்கள். கற்றவர் அடுத்தவருக்குச் சொல்ல வேண்டும் என்ற முறையில் அது வளர்கிறது. சென்னையில் ஆயிரக் கணக்கில் பணம் கட்டிப் படிப்பதை நம் ஜில்லாத் தலைநகரில் காசில்லாமல் படிக்க முடிகிறது என்றால், அது கம்பெனி கொடுத்த வரம் அல்ல. பத்து வாலிபர் தங்கள் விடுமுறை நாளைக் கொடுத்த உழைப்பு.

தமிழ் விக்கிப்பீடியாவை எடுத்துக்கொள்வோம். 2003-ல் தொடங்கியது. சம்பளம் இல்லாமல் ஊர் பேர் தெரியாத பலர் சேர்ந்து ஒன்றரை லட்சத்துக்கு மேல் கட்டுரைகள் எழுதியிருக்கிறார்கள். ஒருவர் தப்பாக எழுதினால் இன்னொருவர் திருத்துகிறார். 2017-ல் தமிழ்நாட்டு ஆசிரியர்களுக்கு அதில் எழுதப் பயிற்சியும் கொடுத்தார்கள். தூரத்தில் இருப்பவர்கள் கூடி வேலை செய்வது என்பதற்கு இதைவிட நல்ல வகுப்பு நமக்குத் தெரியவில்லை. நம் ஊர்ப் பெயரைப் போட்டுப் பாருங்கள். அநேகமாக நாலு வரிக்கு மேல் இருக்காது. அந்த ஊர்ப் பள்ளியின் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் எழுதி நிரப்பலாமே!

எங்கே உட்கார்ந்து எழுதுவது? இதில்தான் சங்கதியே இருக்கிறது. வீட்டுக்கு ஒரு போன் என்று போனால் நாம் மறுபடி 2020-க்குப் போய்ச் சேருவோம். ஊருக்கு ஒரு பொது இடம் வேண்டும். கேரளத்தில் 2020 ஜூன் 1-ந் தேதி "ஃபர்ஸ்ட் பெல்" என்று டெலிவிஷன் வகுப்பு தொடங்கியபோது, டி.வி.யோ போனோ இல்லாத பிள்ளைகள் சுமார் 2 லட்சத்து 60 ஆயிரம் பேர் என்று முன்கூட்டியே கணக்கு எடுத்திருந்தார்கள். அப்படியும் முதல் நாளன்றே மலப்புரம் ஜில்லாவில் டி.வி. பழுதான வீட்டில் ஒரு தலித் மாணவி உயிரை மாய்த்துக்கொண்டாள். கணக்கு எடுப்பது மட்டும் போதாது என்பதற்கு அந்தப் பெண்ணே சாட்சி. அதன் பிறகு வாசகசாலைகளையும் அங்கன்வாடிகளையும் பொது வகுப்பாக்கினார்கள். வாலிபர் சங்கத்தார் வீடு வீடாக டி.வி. சேகரித்துக் கொண்டுபோய் வைத்தார்கள். பக்கத்து வீட்டு அக்கா கூட உட்கார்ந்து விளக்கினாள். சாதனம் பொதுவான உடனே அது வகுப்பு ஆகிவிட்டது.

நமக்கும் இடம் இல்லாமல் இல்லை. 2006 முதல் அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஊராட்சிதோறும் நூலகம் கட்டினார்கள். பல ஊரில் பூட்டுத் துருப்பிடித்துக் கிடக்கிறது. சில ஊரில் நெல் மூட்டை அடுக்கியிருக்கிறது. 12,525 ஊராட்சிகளுக்கும் கண்ணாடி இழைக் கம்பி போடுவதாகச் சொன்னார்கள். 2024 ஜூனில் ஆரம்பப் பள்ளிகளுக்கு 22,931 ஸ்மார்ட் வகுப்பறைகள், ஆசிரியர்களுக்கு 79,723 கைக் கணினிகள் என்று அறிவித்தார்கள். நல்ல காரியம். அறிவிப்பு சென்னையில் இருக்கிறது; பெட்டி தலைமை ஆசிரியர் அறையில் இருக்கிறது; பழுதானால் பொறுப்பு யார் என்ற பயத்தில் உறை பிரிக்காமலே வைத்திருக்கிறார்கள். உபாத்தியாயர் மீது கோபப்பட்டுப் பயனில்லை. உடைந்தால் அவர் சம்பளத்தில் பிடிப்பார்கள் என்றால் யார்தான் தொடுவார்கள்?

ஆகவே விவசாயத் தொழிலாளர் சங்கக் கிளைகளும் மில் தொழிற்சங்கத் தோழர்களும் இந்த விஷயத்தைக் கையில் எடுக்க வேண்டும் என்கிறோம். கிராம சபை வருஷத்தில் ஆறு நாள் கூடுகிறது. குடிநீருக்கும் தெருவிளக்குக்கும் கேள்வி கேட்கும் அதே மூச்சில் இவற்றையும் கேட்க வேண்டும். நம் ஊர்ப் பள்ளியில் எத்தனை உபாத்தியாயர் இடம் காலி, எப்போது நிரப்புவீர்கள்? இன்டர்நெட் கம்பி பள்ளிக்கூடம் வரை வந்திருக்கிறதா, வந்தும் ஓடுகிறதா? கம்ப்யூட்டர் அறையின் சாவி யாரிடம்? நூலகத்தைச் சாயங்காலம் 5 மணியிலிருந்து 8 மணி வரை திறந்து வைக்க, நியாயமான சம்பளத்தில் உள்ளூர்ப் பெண் ஒருத்தியை நியமிக்கத் தடை என்ன? பழுது பார்க்கும் செலவு ஊராட்சிக் கணக்கிலா, இலாகாக் கணக்கிலா? பிள்ளைகளின் பெயரையும் படத்தையும் எந்தக் கம்பெனிக்குக் கொடுத்திருக்கிறீர்கள், யாரைக் கேட்டுக் கொடுத்தீர்கள்? சர்க்கார் பணத்தில் வாங்கும் கம்ப்யூட்டரில் கட்டற்ற மென்பொருளைப் போட்டுத் தர ஏன் உத்தரவு இல்லை?

இந்தக் கேள்விகளை வாயால் கேட்டுவிட்டு வந்தால் காற்றோடு போய்விடும். எழுதிக் கொடுத்துத் தீர்மானப் புத்தகத்தில் ஏற்றச் சொல்ல வேண்டும்; நகல் வாங்க வேண்டும். திண்டிவனம், விழுப்புரம் வட்டாரத் தோழர்கள் நகலை ஜில்லா ஆபீசுக்கு அனுப்பினால் முதன்மைக் கல்வி அதிகாரியிடம் மொத்தமாகக் கொண்டுபோக வசதியாக இருக்கும். கிராம சபைக்குப் போகும்போது எட்டாவதோ ஒன்பதாவதோ படிக்கும் பிள்ளை ஒருத்தியையும் கூட அழைத்துப் போங்கள். அறையில் இருக்கும் கம்ப்யூட்டர்களில் எத்தனை ஓடுகின்றன என்று தலைவர் ஒரு கணக்குச் சொல்லுவார். அவள் ஒரு கணக்குச் சொல்லுவாள்.